தாடைக்கு அடியில் ஒரு கை

த்ராம். போ. சை. டோ. பீ. னி. யா. ஏழு. தாடைக்கு அடியில் புறங்கையை வைத்துக்கொண்டு, சத்தம் வராமல், உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். ஏழு முறை தாடை இறங்கிக் கையில் இடிக்கிறது. முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். கையைத் தாடைக்குக் கீழே வை, வார்த்தையைச் சொல்லு, எத்தனை தரம் இடிக்குதோ அத்தனை துண்டு. துண்டு போட்டுவிட்டால் எவ்வளவு பெரிய வார்த்தைக்கும் பயப்பட வேண்டாம். இதில் அழுத்தம் ஐந்தாவது துண்டில், பீ-யில். அந்த இடத்தில் கொஞ்சம் ஏறிவிட்டு, மிச்ச இரண்டிலும் இறங்கி வந்துவிட வேண்டும். எதிர் பெஞ்சில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அம்மா என்னையே பார்க்கிறாள். உதடு அசைவதைப் பார்த்து நான் செபம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள் போல, தானும் கண்ணை மூடி என்னமோ முணுமுணுக்கிறாள். நான் செபம் சொல்லவில்லை அம்மா. பெரியாஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்கு வெளியே, உள்ளே என் தங்கச்சிக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிற நேரத்தில், அவள் நோயின் பெயரை ஒழுங்காகச் சொல்கிறேனா என்று சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். சுவரில் மணி ஒன்பது நாற்பது. பதினோரு மணிக்குப் பெரிய டாக்டர் வருவார். அதற்குள் ஒரு விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்று நான் முடிவு செய்ய வேண்டும். அந்த விஷயம் என் சட்டைப் பையில் இருக்கிறது. மூச்சு விடும்போதெல்லாம் அதன் தகடு நெஞ்சில் உரசுகிறது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் இந்தப் பெயரை முதலில் சொன்ன டாக்டர் மேல் எனக்குக் கோபம் வரப் பார்க்கிறது. வரவிடக் கூடாது. அந்த மனுஷன் மேல் தப்பு இல்லை. பிலோமினாவின் கணுக்காலில் கேழ்வரகைத் தூவின மாதிரி சிவப்புப் புள்ளிகள், பல் தேய்த்தால் ரத்தம், கையில் எங்கே இடித்தாள் என்று தெரியாமலே ஊதா ஊதாவாகத் திட்டுகள். அவள்தான், கொசுக்கடி அண்ணே, விடுங்க என்றாள். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அதையாவது சொல்லிக்கொள்ளலாம், நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், அந்தப் பெயரைச் சொன்னார், சொல்லிவிட்டு இரக்கத்தோடு எங்கள் முகத்தைப் பார்த்தார், அடுத்து தமிழில் விளக்கப் போகிறவர் மாதிரி. எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. நான் அந்த வார்த்தையைத் திரும்பச் சொன்னேன். முதல் தடவையே, பிசிறில்லாமல், பீ-யில் ஏறி இறங்கி. டாக்டரின் புருவம் உயர்ந்தது. "சார் மெடிக்கல் லைனா?" என்று கேட்டார். இல்லை இல்லை, சும்மா, ரிட்டயர்ட் இங்கிலீஷ் டீச்சர் என்றேன். அந்தச் சும்மா இருக்கிறதே, அதற்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம். அதைச் சொல்லும்போது நான் சிரித்த சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், வகுப்பில் இன்ஸ்பெக்டர் பாராட்டினபோது சிரித்த அதே சிரிப்பு. அதன் பிறகு டாக்டர் தமிழை விட்டுவிட்டார். அவருக்கு என்ன, வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள், விவரம் தெரிந்த ஆள் கிடைத்தால் நிம்மதிதானே. கடகடவென்று இங்கிலீஷில் சொன்னார். ஸ்டீராய்டு ஆரம்பிக்கிறேன், கவுண்ட்டை வாரா வாரம் பாருங்கள், என்செய்ட்ஸ் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். நான் தலையாட்டினேன். சொன்னதில் முக்கால்வாசி எனக்குப் புரிந்தது. புரியாத கால்வாசியால்தான் பிலோ உள்ளே படுத்திருக்கிறாள்.

என்செய்ட்ஸ். இரண்டு துண்டு. ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். அது என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அரை நிமிஷம். வலி மாத்திரைங்க சார், முட்டு வலி, தலைவலின்னு கடையில வாங்கிப் போடாதீங்க என்று சொல்லியிருப்பார். ஆனால் அதைக் கேட்டிருந்தால், அவ்வளவு பெரிய வார்த்தையைச் சொன்ன ஆளுக்கு இந்தச் சின்ன வார்த்தை தெரியாதா என்று அவர் நினைத்திருப்பார். நினைத்திருக்க மாட்டார். நினைத்தாலும் என்ன. அவர் முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் இரண்டு தடவைதான் பார்த்தேன். அந்த ஒரு மனுஷனின் உயர்ந்த புருவம் இறங்கிவிடக் கூடாது என்பதற்காக என் கூடப்பிறந்தவளை, என் பெண்சாதி செத்தபோது பதினைந்து நாள் சமையலுக்கென்று வந்து பதினோரு வருஷமாக எனக்குச் சோறு போடுகிறவளை, நான். சரி. அந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம். அவள் இன்னும் இருக்கிறாள். காலையில் நர்ஸ் கதவைத் திறந்தபோது பார்த்தேன், போர்வைக்குள் கால்விரல் அசைந்தது.

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் கேட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, மருந்துச் சீட்டை முந்தானையில் சுருட்டி வைத்துக்கொண்டு, "எண்ணே, டாக்டர் என்னமோ துரும்பு சோத்துப்பானைன்னு சொன்னாவளே, அப்படின்னா என்ன?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சோத்துப்பானை இல்ல, சை-டோ-பீ-னி-யா, கையைத் தாடைக்குக் கீழ வையி என்றேன். பஸ்ஸில் எல்லோரும் பார்க்க அவள் கையைத் தாடைக்குக் கீழே வைத்தாள், அறுபத்திரண்டு வயது. பாளையங்கோட்டையிலிருந்து எங்கள் நிறுத்தம் வரைக்கும் நான் சொல்ல அவள் சொல்ல, சை-யில் அவள் நாக்கு ஒவ்வொரு தடவையும் சறுக்க, நான் திருத்த. இறங்கும்போது ஏறக்குறையச் சரியாகச் சொன்னாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் மறுபடியும், "அப்படின்னா என்னன்னு சொல்லவே இல்லையே" என்றாள். ரத்தத்துல ஒரு கோளாறு, மருந்து குடுத்திருக்காரு, சரியாப் போகும் என்றேன். அது பதிலா? ரிப்போர்ட்டை எடுத்து வாசித்திருக்கலாம். அதில் எல்லாம் மூன்று மூன்று எழுத்தாகச் சுருக்கி, பக்கத்தில் எண்கள். சொல்லிப் பார்க்க ஒன்றுமில்லாத வார்த்தைகள். நான் மடித்துக் கோப்பில் வைத்துவிட்டேன். பழைய டிக்‌ஷனரியில் என்செய்ட்ஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன், இல்லை, அதோடு என் கடமை முடிந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நான்கைந்து பெண்கள் பிலோவைச் சுற்றிக்கொண்டார்கள். என்ன மதினி, என்ன செய்யுது, என்ன சீக்கு. "எனக்கு வாயில வராதும்மா, அண்ணன்ட்ட கேளுங்க. அவியதான் அழகாச் சொல்லுவாவ" என்று என்னைக் கூப்பிட்டாள். நானும் போனேன். போய், வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்று, சொன்னேன். அவர்கள் ஏ ஆத்தி என்று வாயில் கை வைத்தார்கள். ஒருத்தியும் அப்படியென்றால் என்ன என்று கேட்கவில்லை, அவ்வளவு பெரிய பேருக்கு அர்த்தம் வேறு கேட்பார்களா. தங்கச்சியின் நோயைக் கோயில் வாசலில் வைத்து வாசித்துக் காட்டிவிட்டு நான் பெருமையாக வீட்டுக்கு நடந்தேன். இப்போது எதிர் பெஞ்சு அம்மா கண்ணைத் திறந்து, "உள்ள யாருய்யா?" என்று கேட்கிறாள். தங்கச்சி என்கிறேன். "என்ன செய்யுது?" வாய் திறக்கிறது, த்ராம் என்கிற இடத்துக்கு நாக்கு தானாகப் போகிறது, பழகின மாடு கொட்டிலுக்குப் போகிற மாதிரி. ரத்த வாந்தி அம்மா என்கிறேன். அவள் உச்சுக்கொட்டுகிறாள். இன்றைக்கு நான் சொன்ன முதல் உண்மை இதுதான்.

ஏனென்றால் காலையில் நான் பொய் சொல்லிவிட்டேன். அதை எங்கிருந்து ஆரம்பிப்பது. நேற்றே அவள் சோர்ந்துதான் இருந்தாள், வயிறு ஒரு மாதிரி இருக்கு என்றாள், ராத்திரி கஞ்சி போதும் என்றாள். இன்றைக்கு விடிந்ததும் பின்கட்டில் பாத்திரம் விழுகிற சத்தம். போய்ப் பார்த்தால் தொட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், முன்னால் காபித்தூளைக் கரைத்துக் கொட்டின மாதிரி, நடுவில் சிவப்பு. "எண்ணே, தரைய நான் கழுவிக்கிடுதேன், நீங்க மிதிச்சிராதிய" என்றாள். அதுதான் அவள் சொன்னது. ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து வந்தாள், கை ஐஸாக இருந்தது. இங்கே வந்ததும் சின்ன டாக்டர், அவளுக்கு இருபத்துமூன்று இருந்தால் அதிகம், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பும் சரியாக நிற்காத கொண்டையும், ஓடி ஓடி ஊசி குத்தி ரத்தத்துக்கு எழுதிவிட்டு என்னிடம் வந்தாள். கோப்பைப் புரட்டினாள். "வலி மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா சார்? மூட்டு வலிக்கு, உடம்பு வலிக்குன்னு?" அப்போதுதான் எனக்கு என்செய்ட்ஸ் என்றால் என்ன என்று தெரிந்தது. இரண்டு மாதமாகத் தெரியாதது ஒரு நொடியில், யாரும் சொல்லாமலே தெரிந்தது. அவள் விரல் அந்தக் கோப்பில் அந்த வரிமேல்தான் இருந்தது, என்செய்ட்ஸ் கூடாது என்று டாக்டர் கிறுக்கி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்த வரி. இல்லையே என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது. அதற்குத் தாடையே இறங்கவில்லை.

அவள் நம்பிவிட்டாள். நம்பினதால் அடுத்ததைச் சொன்னாள். "ஸ்டீராய்டு எடுத்தும் இவ்வளவு ரத்தம் போகுதுன்னா, மருந்து கேக்கல, நோய் முத்திருச்சோன்னு தோணுது. சீஃப் வந்து பாக்கட்டும். மண்ணீரல எடுக்கணுமான்னு அவருதான் முடிவு பண்ணணும்." சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். மண்ணீரல். மூன்று துண்டு, சுத்தத் தமிழ், நான் சொல்லிப் பார்க்கத் தேவையில்லாத வார்த்தை. நான் சொன்ன ஒரு இல்லையே-க்காகப் பிலோவின் வயிற்றைக் கிழித்து ஒரு உறுப்பை எடுத்துப்போடப் போகிறார்கள். ஓட்டையே வேறு இடத்தில் இருக்கிறது, நான் போட்டது. அதை நான் ஒருவன் மட்டும் தெரிந்துகொண்டு இங்கே இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மணி பத்து இருபது. ஒருத்தி பினாயில் தண்ணீரில் தரையைத் துடைத்துக்கொண்டே வருகிறாள், காலைத் தூக்குங்க பெரியவரே என்கிறாள், தூக்குகிறேன், வாசனை மூக்கைக் குத்துகிறது, எங்கள் பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை காலையில் வருகிற வாசனை.

ஒன்பது மாத்திரை. பையில் கைவிட்டு அட்டையை வெளியே எடுக்காமலே தடவி எண்ணுகிறேன், உடைந்த குழி ஒன்பது, உடையாத குழி ஒன்று. ஏழாக இருந்திருந்தால் அந்த ஏழு துண்டோடு பொருந்தி, இது என்னமோ விதி என்று நினைத்து அழுதாவது இருப்பேன். ஒன்பதுக்கு ஒரு பொருத்தமும் இல்லை, வெறும் ஒன்பது. கோயிலில் முழங்கால் போட முடியவில்லை என்று பத்து நாளைக்கு முன்னால் அவள் சொன்னாள். சும்மாதான் சொன்னாள், மாத்திரை கேட்கவில்லை. நான்தான் போய் வாங்கினேன், எனக்கு முதுகு பிடித்தால் வாங்குகிற அதே ஆரஞ்சு மாத்திரை. மெடிக்கல் ஷாப்காரர் கேட்டார், கேட்கத்தான் செய்தார், "வேற ஏதும் மருந்து சாப்பிடுதாவளா சார்?" அதெல்லாம் டாக்டர்ட்ட பேசியாச்சு என்றேன். எந்த டாக்டர், என்ன பேச்சு. பிலோ கையில் வாங்கிக்கொண்டு, "இத அந்த மாத்திரையோட போடலாமாண்ணே?" என்று கேட்டாள். கேட்டாள். ஏழாங்கிளாஸ் படித்தவள் கேட்டாள். போடலாம் போடலாம் என்றேன் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். அடுத்த ஞாயிறு முழங்காலிட்டாள். நற்கருணை வாங்கிவிட்டுத் திரும்பும்போது என்னைப் பார்த்து, வலி இல்லை என்று கண்ணாலேயே சொன்னாள். நான் கொடுத்த மாத்திரை வேலை செய்கிறது என்று எனக்கு மனசு குளிர்ந்தது. உள்ளே அது எங்கே வேலை செய்துகொண்டிருந்தது என்று இப்போது தெரிகிறது.

எல்லாம் ஒரு பழைய சிரிப்பிலிருந்து வந்தது. நான் என்னை நியாயப்படுத்தப் பார்க்கிறேன், தெரிகிறது, இருந்தாலும் அந்தச் சிரிப்பு ஞாபகம் வருகிறது. காலேஜ் முதல் வருஷம், எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள், நான் ஸ்கூல் என்பதை இஸ்கூல் என்று வாசித்துவிட்டேன். அறுபது பேர் சிரித்தார்கள். புரொபசர்கூடக் கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டார். என் பெயர் தனிஸ்லாஸ், அந்த வருஷம் முழுக்க என்னை இஸ்தனிஸ்லாஸ் என்று கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு நான் கேள்வி கேட்கவில்லை. யாரிடமும், எதையும். ஒரு வார்த்தை தெரியாவிட்டால் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கையைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, நாக்கு வசப்படும் வரைக்கும். வசப்பட்டுவிட்டால் அது தெரிந்த வார்த்தை. வகுப்பில் பிள்ளைகள் சார் இதுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், முதல்ல சரியாச் சொல்லு, அர்த்தம் பின்னாலயே வரும் என்பேன். முப்பத்தொரு வருஷம் எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன். அர்த்தம் பின்னாலயே வரும். வந்துவிட்டது, காலையில் பின்கட்டில்.

மணி பத்து ஐம்பது. தூக்கிப் போட்டுவிடலாம். இந்த யோசனை எப்போது வந்தது என்று தெரியவில்லை, நான் ஏற்கெனவே எழுந்து நிற்கிறேன். நடைக்கோடியில் சிவப்பிலும் மஞ்சளிலும் குப்பைத் தொட்டிகள். அட்டையைப் போட்டுவிட்டால் ஒன்றுமில்லை, ஒரு தகடு. மண்ணீரல் இல்லாமலும் ஆட்கள் இருக்கிறார்களாம், எங்கேயோ வாசித்திருக்கிறேன். பெரிய டாக்டர் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்து அவரே கண்டுபிடித்தாலும் பிடிப்பார், நான் எதற்கு நடுவில். இல்லையென்றால் வேறு மாதிரி சொல்லலாம், அவளே வாங்கிப் போட்டுக்கொண்டாள் போல டாக்டர், இப்போதுதான் அவள் பையில் பார்த்தேன். அவள் மறுக்க மாட்டாள். நான் அப்படிச் சொன்னால் ஆமா டாக்டர் என்று சொல்லிவிடுவாள், சத்தியமாகச் சொல்லிவிடுவாள். தொட்டி முன்னால் நிற்கிறேன். எந்த நிறத் தொட்டியில் எதைப் போட வேண்டும் என்று சுவரில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை முழுக்க வாசிக்கிறேன், எழுத்துப் பிழை தேடுகிறேன். இரண்டு இருக்கிறது. இந்த நேரத்திலும் தேடுகிறேனே. பின்னாலிருந்து நர்ஸ் கூப்பிடுகிறாள்: "பிலோமினா வீட்டு ஆளு யாரு? டாக்டர் வந்தாச்சு, வாங்க."

அட்டை கைக்குள் இருக்கிறது. பையில் போட நேரமில்லை, தொட்டியில் போடவும் இல்லை, பொத்திக்கொண்டே உள்ளே போகிறேன். கட்டிலைச் சுற்றி ஆறேழு பேர், நடுவில் நரைத்த தலையோடு பெரிய டாக்டர், முகத்தில் களைப்பு. பிலோ தலையணையில் வெளுத்துப் போய், மூக்குத்தியைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள், அது இல்லாமல் அவள் முகத்தை நான் பார்த்து நாற்பது வருஷம் இருக்கும். என்னைப் பார்த்ததும், சாப்பிட்டீயளா என்று உதட்டால் கேட்கிறாள். சின்ன டாக்டர் இங்கிலீஷில் ஒப்பிக்கிறாள், அந்தப் பெயர் வருகிறது, அவள் அழுத்தத்தை சை-யில் வைக்கிறாள், தப்பு, என் கை தானாகத் தாடைக்குப் போகப் பார்க்கிறது, கைக்குள் அட்டை குத்துகிறது. பெரிய டாக்டர் பிலோவின் வயிற்றை அமுக்கிப் பார்க்கிறார். நிமிர்ந்து, தமிழில், அவளிடமே கேட்கிறார். "அம்மா, வலிக்குன்னு ஏதாவது மாத்திரை போட்டீங்களா?"

பிலோ என்னைப் பார்த்தாள். அந்த ஆரஞ்சு மாத்திரை அவள் ஞாபகத்தில் இருந்ததா இல்லையா, அந்த ஆண்டவருக்குத்தான் தெரியும். பிறகு டாக்டரிடம், "இல்ல டாக்டர். அண்ணன் குடுக்கிறத மட்டுந்தான் போடுதேன். அவியளுக்கு எல்லாம் தெரியும். நோயோட பேரக்கூட அவிய உங்கள மாதிரியே சொல்லுவாவ" என்றாள்.

பெரிய டாக்டர் என் பக்கம் திரும்பினார். சொல்லுங்க சார், என்று அவர் கேட்கவில்லை, சும்மா திரும்பினார். நான் கையை நீட்டி விரித்தேன். அட்டை உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு, வியர்வையில் நனைந்து.

"ஒம்பது குடுத்தேன்" என்றேன். "பத்து நாளா. காலையில இவங்க கேட்டப்போ இல்லன்னு சொன்னேன்."

சின்ன டாக்டர் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

"முதல்ல பாத்த டாக்டர் சொல்லலையா?" பெரிய டாக்டர் கேட்டார்.

"சொன்னாரு. கோப்புலயும் எழுதியிருக்காரு. எனக்குப் புரியல. நான் கேக்கல."

"என்ன நோய்னாவது தெரியுமா உங்களுக்கு?"

பேர் வாயில் நிற்கிறது. ஏழு துண்டும் வரிசையாக, பளபளவென்று. "தெரியாது சார்" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டிலைச் சுற்றி நின்றவர்களிடம் வேகமாகச் சொன்னார், ஆபரேஷன் பேச்சு இப்போது வேண்டாம், மத்தியானமே குழாய் விட்டுப் பாருங்கள், வயிற்றுப் புண்ணாகத்தான் இருக்கும். ரத்தம் இன்னும் இரண்டு யூனிட். அடுத்த கட்டிலுக்கு நகரும்போது, "காலையிலயே சொல்லியிருந்தா நாலு மணி நேரம் மிச்சமாயிருக்கும்" என்றார், யாரிடமும் இல்லாமல் பொதுவாக. பிழைப்பாளா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எல்லோரும் நகர்ந்தார்கள். சின்ன டாக்டர் மட்டும் ரத்தப் பையின் குழாயைச் சரிசெய்ய நின்றாள்.

பிலோ என்னைப் பார்க்கவில்லை. கூரையில் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா, வலியா, ஒன்றும் தெரியவில்லை. மன்னிச்சிரு பிலோ என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சின்ன டாக்டரின் கையை, ஊசி ஏறாத கையால், மெல்லத் தொட்டாள்.

"எம்மா, அந்தப் பேரு, அப்படின்னா என்னம்மா?"

என்னிடம் இரண்டு தடவை கேட்ட அதே கேள்வி. மூன்றாவதை வேறு ஆளிடம் கேட்டுவிட்டாள்.

சின்ன டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "டெங்கு வந்தா பிளேட்லெட் கொறஞ்சிருச்சுன்னு சொல்லுவாங்கல்லம்மா, கேள்விப்பட்டிருக்கீங்களா? அதேதான். உங்களுக்கு டெங்கு இல்லாமலே கொறஞ்சிருக்கு. எங்கயாவது ரத்தம் கசிஞ்சா ஓடிப்போய் அடைக்கிறது அதுதான். அது கம்மியா இருக்கிறதால அடைக்க ஆளில்ல."

"இவ்வளவுதானா?" என்றாள் பிலோ.

இவ்வளவுதான். எங்கள் தெருவில் காய் விற்கிறவருக்குத் தெரியும் பிளேட்லெட் என்றால் என்ன என்று. பேப்பரில் மழைக்காலம் முழுக்க வருகிறது. ஏழு துண்டுக்குள் இதுதான் இருந்தது. நான் அதைத் திறக்காமலே தூக்கிக்கொண்டு கோயில் வாசல் வரைக்கும் போயிருக்கிறேன். சின்ன டாக்டர் சொல்லிக்கொண்டே போகிறாள், உடம்பே அதை எதிரி என்று நினைத்து அழிக்கிறது, அதைத் தடுக்கத்தான் அந்த ஸ்டீராய்டு, அது வயிற்றைப் புண்ணாக்கும், அதோடு வலி மாத்திரையும் சேர்ந்தால். பிலோ ஒவ்வொன்றுக்கும் சரி சரி என்று தலையை அசைக்கிறாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நிற்கிறேன். நடுவில் ஒரு இடம் எனக்குப் புரியவில்லை. தலை தானாக ஆடப் பார்க்கிறது, கழுத்தில் அந்த அசைவு தொடங்கிவிட்டது, கோயில் மணிக்குத் தலை குனிகிற மாதிரி பழகின அசைவு. கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடியும் சொன்னேன். "டாக்டர், உடம்பே அழிக்குதுன்னு சொன்னீங்களே. அது எனக்குப் புரியல. இன்னொரு தரம் சொல்லுங்க."

பிலோ அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.